ஆய்வு செய்தேன், திருப்தி

மே 4

இளவழகன் வரமாட்டானாம். ஜூன் ஒன்றாம் தேதி அப்பாவை ஓசூருக்கு அழைத்துப் போகிறேன், ஆறு மாதம் நீ, ஆறு மாதம் நான் என்று பொங்கலுக்கு வந்தபோது என் கையில் அடித்துச் சொன்ன தம்பி. இன்று காலை வாட்ஸப்பில் ஒரு செய்தி: "அக்கா, வீட்டுல மாடி எடுக்குறோம். சிமெண்ட் தூசி அப்பாவுக்கு ஆகாது." அதற்குக் கீழே திருச்சியைச் சுற்றியுள்ள ஆறு முதியோர் இல்லங்களின் பெயரும் போன் நம்பரும். வரிசை எண் வேறு போட்டிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒழுங்கு அதிகம்.

போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை அவன் மனைவி எடுத்து, "அவரு குளிக்கிறாரு அண்ணி" என்றாள். அப்போது மணி பகல் பன்னிரண்டு. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாகப் பொய் சொல்லும்.

துணி துவைத்தேன். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இது இப்போது தினசரி வேலை.

மே 5

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது. நலத்துறையில் தனித் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர் விடுதிகளை ஆய்வு செய்வதுதான் வேலை. இப்போது நேற்று நடந்தது நினைவில்லை. இன்று காலை நடந்ததும் நினைவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய விடுதிக் காப்பாளர்களின் பெயர் மட்டும் இனிஷியலோடு இருக்கிறது. போன மாதம் கதவைத் திறந்துகொண்டு போய் துறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். இன்ஸ்பெக்ஷனுக்குப் போவதாகக் கண்டக்டரிடம் சொன்னாராம். அந்தக் கண்டக்டர் புண்ணியவான், சட்டைப்பையில் நான் வைத்திருந்த சீட்டைப் பார்த்துப் போன் செய்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் இந்த நோயின் பெயரைச் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். நானும் சரி என்றேன். அதை எழுத இப்போது நேரமில்லை. பால் பொங்குகிறது.

மே 9

முதல் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். தனியாகத்தான் போக நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்கா ஊருக்குப் போய்விட்டார், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அப்பா நின்றார். பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த கட்டில் வரிசையைப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது. உள்ளே போய் மேனேஜரிடம், "நான் அருணகிரி, ஸ்பெஷல் தாசில்தார். சர்ப்ரைஸ் விசிட். சாப்பாட்டுப் பதிவேடு எங்க?" என்றார்.

அந்த ஆள் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டான். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்பா நேராகக் கழிவறைக்குப் போனார். அவருடைய வழக்கம் அது, முதலில் கழிவறை, பிறகு அடுப்படி, கடைசியில்தான் ஆபீஸ். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "பினாயில் இவ்வளவு ஊத்தியிருக்கீங்க. எதை மறைக்க?" என்றார். பிறகு ஒரு கட்டிலின் மேல்விரிப்பை விலக்கினார். அடியில் விரிப்பு நனைந்து மஞ்சளாக இருந்தது. அதன்மேல் ஒரு மனிதர் படுத்திருந்தார்.

எனக்கு இது தெரிந்திருக்காது. பூந்தொட்டிகளைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும், "நாம எங்க போயிட்டு வந்தோம்?" என்று கேட்டார்.

மே 15

இரண்டாவது இல்லம். இந்த முறை நானே சொன்னேன்: "அப்பா, இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கு."

ஒரு வருஷமாகக் குளிக்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இன்று அவரே குளித்தார். ஷேவ் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளைக்குத்தான் போக வேண்டும் என்றார். போனோம். தட்டோடு வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொண்டார். "கடைசில நிக்கிறவனுக்கு என்ன விழுதோ அதுதான் சாப்பாடு. மொத ஆளுக்கு விழுறது ஷோ" என்றார். கடைசித் தட்டில் சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. அவர் முகம் சிவந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டு அதையே சாப்பிடச் சொன்னார்.

அந்தச் சமையல்காரர் சாப்பிட்டார் பாருங்கள், தலை குனிந்து. ஆட்டோவில் வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல்தான்.

மே 21

விடுமுறையானாலும் பள்ளியில் கோ-கோ அணிக்குத் தேர்வு இருந்தது. பி.டி. டீச்சர் நான், போய்த்தான் ஆக வேண்டும். போக முடியவில்லை. இரண்டு வருஷமாக மாலைப் பயிற்சிக்கு நிற்க முடியாமல் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே விளையாடுகின்றன. அதற்காக நான் இல்லம் தேடவில்லை. யாரும் அப்படி நினைக்க வேண்டாம்.

அப்பா இன்று நாலு முறை வாசல் கதவைத் திறந்தார். நாலாவது முறை நான் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போல.

மே 22

கொஞ்சம் இல்லை.

மே 27

மூன்றாவது இல்லம். மண்ணச்சநல்லூர் தாண்டி, வயல் ஓரத்தில். பொறுப்பாளர் பெயர் பிலோமினா, ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அப்பா "சர்ப்ரைஸ் விசிட்" என்றதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டார். "வாங்க சார், உட்காருங்க" என்றார்.

அப்பா உட்காரவில்லை. கழிவறை, அடுப்படி, கட்டில், தண்ணீர்த் தொட்டி. தொட்டி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். படுத்திருந்தவர்களின் கால் நகத்தைப் பார்த்தார். "நகம் வெட்டியிருந்தா பாத்துக்கிறாங்கன்னு அர்த்தம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மத்தியானம் வரிசையின் கடைசியில் நின்று வாங்கிச் சாப்பிட்டார். சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு இருந்தது. எனக்கும் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

கடைசியில் ஆபீஸில் உட்கார்ந்து, "விசிட் புக் கொடுங்க" என்றார். பிலோமினா ஒரு நோட்டைக் கொடுத்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார்: "ஆய்வு செய்தேன். திருப்தி." கீழே கையெழுத்து, பதவி. தேதி மட்டும் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துத் தேதி.

நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மே 28

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். இந்த முறை உடனே போன் வந்தது.

"அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரா? அப்புறம் என்னக்கா, அவருக்கே புடிச்சுப் போச்சு. நம்ம மனசாட்சி சுத்தம்."

"உனக்கு மனசாட்சி எப்பலேர்ந்து?"

"கோவப்படாதக்கா. சேக்குற அன்னைக்கு நான் கண்டிப்பா வந்துருவேன். நானும் நீயும் சேந்து கொண்டுபோய் விடுவோம். ஒண்ணாந்தேதி காலைல அங்க இருப்பேன்."

அவனைத் திட்டினேனே தவிர, அவன் சொன்னது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அப்பாவுக்கே பிடித்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் அவரே பார்த்து, அவரே தேர்ந்தெடுத்தது. மூன்று இல்லத்தில் இரண்டைத் தள்ளிவிட்டு ஒன்றைச் சரி என்றிருக்கிறார். நல்ல நினைவோடு இருக்கும் எத்தனை பேருக்கு இந்த வசதி கிடைக்கும்?

இதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மே 31

பெட்டி கட்டினேன். வேட்டி நான்கு, சட்டை ஆறு, மாத்திரை, அம்மாவின் படம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "யார் ஊருக்குப் போறா?" என்றார்.

"நீங்கதான்பா. கேம்ப். ஒரு வாரம் தங்கி ஆய்வு செய்யணுமாம், கலெக்டர் ஆர்டர்."

"ஜீப் வருதா?"

"வரும்பா."

அவராக எழுந்து போய் பேனாவில் மை ஊற்றிக்கொண்டு வந்தார்.

ஜூன் 1

இளவழகன் வரவில்லை. காலை ஏழு மணிக்கு, "சைட்ல கான்கிரீட் போடுறாங்க, நான் இல்லாட்டி கெடுத்துடுவாங்க" என்று செய்தி. பதில் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் போன் வெடித்திருக்கும்.

பிலோமினா அப்பாவின் உடம்பைப் பார்த்து ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டார். உயரம், எடை, பல்செட் இல்லை, கேட்கும் திறன் நன்று. இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன கன்னிப் போயிருக்கு?" என்றார்.

"கதவுல இடிச்சுக்கிட்டார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் யாரும் வந்து பார்க்கக்கூடாது, அப்போதுதான் இடம் பழகும் என்றார். சரி என்றேன். அப்பா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். சமையல் செய்யும் அம்மாவிடம் பருப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கிளம்புவதைப் பார்த்ததும் வாசல் வரை வந்தார். என்னைத் தன் ஆபீஸ் கிளார்க் என்று நினைத்தாரோ, மகள் என்று நினைத்தாரோ தெரியாது.

"ஜீப் எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்குப்பா."

வாயில் வந்ததைச் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 3

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பத்து மணி நேரம் தூங்கினேன். ரெகுலேட்டர் அடுப்பிலேயே இருக்கிறது.

ஜூன் 8

காஞ்சனா அத்தை போன் செய்தார். அப்பாவின் தங்கை. இரண்டு வருஷமாக ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்காதவர்.

"ஏன்டி அரசி, பெத்த அப்பனை இப்படிக் கொண்டுபோய்த் தள்ளிட்டியே. இளவழகன் நான் வச்சுப் பாத்துக்கிறேன்னு எவ்வளவோ கெஞ்சினானாமே. நீ ஒரே புடிவாதமா இருந்தியாமே."

"யாரு அத்தை சொன்னா?"

"அவன்தான் சொன்னான். போன்ல அழுதான், பாவம்."

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு நடு ஹாலில் நின்று, யாருமில்லாத வீட்டில், மைதானத்தில் கத்துவதுபோல் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கமலவேணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன அரசி, பாம்பா?" என்றார். "ஆமாக்கா" என்றேன்.

பாவி. ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவன். நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12

பள்ளி திறந்தாயிற்று. மாலைப் பயிற்சிக்கு நின்றேன். பிள்ளைகள் நன்றாக ஓடுகின்றன. ஐந்து மணிக்கு விசில் ஊதிப் பயிற்சியைத் தொடங்கினேன். ஊதியதும் அந்த ஜீப் ஞாபகம் வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சொன்னது இதுதான்: "அரசி, எனக்கு எல்லாம் மறந்து போகும். நீ மறந்துடாத. என்னை எந்த விடுதிலயும் சேத்துடாத. முப்பது வருஷம் நான் பாத்திருக்கேன். நல்ல விடுதின்னு ஒண்ணு இருக்கு, ஆனா சாயங்காலம் ஆனா அதுலயும் பிள்ளைங்க கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கும்." நான் அவர் கையைப் பிடித்து, "என் உசுரு இருக்குறவரைக்கும் மாட்டேன்பா" என்றேன். அவர் பிடியை விடவே இல்லை. ஆட்டோவிலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதே கையைத்தான்.

தம்பியைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவன் செய்தது துரோகம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவனிடம் அப்பா எதையும் கேட்கவில்லை.

ஜூன் 16

பதினைந்து நாள் முடிந்தது. பயிற்சியை முடிக்காமலே கிளம்பிப் போனேன். கழுத்தில் விசிலோடு.

பிலோமினா என்னை முதலில் ஆபீஸுக்குள் கூப்பிட்டார். "உங்க அப்பா நல்லாத்தான் இருக்காங்க. சாப்பிடுறாங்க. மத்தவங்களுக்கு நகம் வெட்டலன்னா எங்களைச் சத்தம் போடுறாங்க. எழுத நோட்டுக் கேட்டாங்க, கார்பன் பேப்பரோட. தேடி வாங்கிக் கொடுத்தோம். தினமும் ரிப்போர்ட் எழுதுறாங்க." நோட்டை என் பக்கம் தள்ளி, "நேத்து எழுதுனதை நீங்க படிக்கிறது நல்லது" என்றார்.

அப்பாவின் எழுத்து கோணல்மாணலாகிவிட்டது. ஆனால் வாசகம் அப்படியே பழைய வாசகம். அதை இங்கே பார்த்து எழுதுகிறேன்:

"உணவு: சாதம், கத்தரிக்காய்க் குழம்பு. கடைசித் தட்டு வரை காய் இருந்தது. திருப்தி. கழிவறை: திருப்தி. குடிநீர்: திருப்தி.

குறை: இவ்விடுதியில் தங்கியுள்ள அருணகிரி என்ற முதியவர் தினமும் மாலை பெட்டியுடன் வாசல் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். விசாரித்ததில், ஆய்வு என்று பொய் கூறித் தன்னை அழைத்து வந்து விட்டுச் சென்றதாகவும், ஐந்து மணிக்கு ஜீப் வரும் என்று கூறியதாகவும் தெரிவித்தார். கூறியவர் யார் என்பது அவருக்கு நினைவில்லை. மேற்படியாருக்கு மங்கையர்க்கரசி என்ற மகள் உண்டு. நல்ல பெண். இவ்விவரம் அவருக்குத் தெரியாது என்று கருதப்படுகிறது. தெரிந்தால் உடனே வந்து அழைத்துச் செல்வார். எனவே மகளுக்குத் தகவல் தர வேண்டும்.

எடுக்கப்பட்ட நடவடிக்கை:"

அதற்குப் பிறகு காலியாக இருந்தது.

வெளியே வந்தேன். அப்பா வாசல் பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கழுத்து விசிலைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஆபீஸும்மா?"

அப்பா, நான்தான் அரசி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சொன்ன கையோடு அழைத்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு நாளைக் காலை எட்டு மணிக்குப் பள்ளி.

"ஹெட் ஆபீஸ் சார்" என்றேன்.

"ரிப்போர்ட் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்ப பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் காப்பியை எடுத்துக்கோங்க. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் வரணும்."

போட்டேன். அவர் நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து என் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என் மக பேரும் இதான்" என்றார். "அவ கெட்டிக்காரி. பி.டி. டீச்சர்."

கார்பன் காப்பியைக் கிழித்து நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 23

மண்டல கோ-கோவில் ஜெயித்தோம். பிள்ளைகள் என்னைத் தூக்கினார்கள்.

ஜூன் 29

இளவழகன் வீட்டு மாடிக்குப் பால் காய்ச்சுகிறார்களாம். அழைப்பு வந்தது. வாடகைக்கு ஆள் கூடப் பார்த்தாயிற்றாம். "அப்பாவை ஒரு நாளைக்கு கூட்டிட்டு வாக்கா, போட்டோ எடுக்கலாம்." அவன் நம்பரை அழித்தேன். பிறகு அப்பாவுக்கு ஏதாவது ஆனால் சொல்ல வேண்டுமே என்று திரும்பப் பதிந்துகொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைக் கழுவாமலே திரும்ப வைத்தேன்.

ஜூலை 1

பதினைந்து நாள் கெடு இன்றோடு முடிகிறது. காலையிலேயே பீரோவைத் திறந்து அந்தக் காப்பியை எடுத்தேன். அழைத்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ரெகுலேட்டரைக் கூடக் கழற்றி வைத்தேன். பிறகு வாசல் கதவைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டில் கன்றல் மறைந்துவிட்டது. அவர் அங்கே இருந்ததால்தான் மறைந்தது.

'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்பதற்கு நேரே காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: "மகளுக்குத் தகவல் தரப்பட்டது."

எடுத்துக்கொண்டு போனேன். அதே பெஞ்ச், அதே பெட்டி. போன முறை வந்தது அவருக்கு நினைவில்லை. ஆனால் மடித்த காகிதத்தைப் பார்த்ததும் கை நீட்டி வாங்கினார். முழுவதையும் நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னா? வர்றேன்னாளா?"

"வர்றேன்னு சொன்னாங்க சார்."

"எப்போ?"

"அஞ்சு மணிக்கு."

ஆபீஸ் சுவர்க் கடிகாரம் பெஞ்சிலிருந்தே ஜன்னல் வழியாகத் தெரியும். மணி ஐந்தே கால். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினார், காகிதத்தைப் பெட்டியின் மேல் வைத்து என் வரிக்குக் கீழே எழுதினார். எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"திருப்தி" என்று எழுதியிருந்தார்.